பன்னிரண்டு வோல்ட் கணக்கு

2025 டிசம்பர் 3ஆம் திகதி மைக்ரோன் நிறுவனம் ஓர் அறிவிப்பை விட்டது. குருஷல் என்ற பெயரில் கடைகளுக்கு வந்துகொண்டிருந்த ரெம்மும் எஸ்எஸ்டியும் 2026 பெப்ரவரியோடு நிறுத்தப்படும். சில்லுகள் இனி ஏஐ தரவு மையங்களுக்குத்தான். அதற்கு முன்பே உலகச் சந்தையில் ரெம் விலை இரண்டு மூன்று மடங்காக ஏறியிருந்தது. இனி ஒரு சாதாரண வீட்டுப் பிள்ளை கேமிங் கொம்பியூட்டர் ஒன்றை எப்படிக் கட்டுவான் என்று வெள்ளவத்தை நண்பர் ஒருவரிடம் கேட்டேன். “ஒருகொடவத்தையில ஒரு பொடியன் இருக்கிறான், போய்ப் பாரும்” என்றார்.

2021இல் திறந்த களனிப் புதுப் பாலத்தின் கிளையொன்று ஒருகொடவத்தையில் வந்து இறங்குகிறது. பேஸ்லைன் வீதி முழுக்கக் கொள்கலன் லொறிகள். சுங்கப் பரிசோதனைக்காகப் பெட்டிகளைத் திறக்கும் யார்டுகள் இங்கேதான் இருக்கின்றன. டயர்க் கடையொன்றின் பின்னால் ஒரு சின்ன அறை. மேசையில் திறந்த கேசிங், சுவரோரம் பிரித்த பவர் சப்ளைகள்.

அந்தத் தம்பி ஹட்டன் பக்கத் தோட்டமொன்றில் பிறந்தவன். ஓ.எல். முடித்ததும் கிராண்ட்பாஸில் இருந்த மாமா வீட்டுக்கு வந்து, யார்டில் மூட்டை இறக்கினான். வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்த கொம்பியூட்டர்கள் கொள்கலனில் வரும். உடைந்தவற்றைக் குறைந்த விலைக்கு வாங்கி, மாமா வீட்டு முன்றலில் பிரித்துப் பார்த்தான். பிறகு இரவு வகுப்பொன்றில் சேர்ந்தான். பாடம் சிங்களத்தில், மொழியையும் தொழிலையும் ஒன்றாகவே படித்தேன் என்கிறான். பத்து வருடத்துக்கு மேலாக இதுதான் சோறு.

நான் போன நேரம் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு பையன் வந்திருந்தான். ஏ.எல். எழுதி முடித்தவன். தாய் குவைத்தில் வேலை. அவர் அனுப்பிய காசு கையில், ஒரு கடை எழுதிக் கொடுத்த விலைப்பட்டியல் சட்டைப்பையில். பட்டியலின் தலையில் தடித்த எழுத்தில் ஐ7 புரொசெசர். அதன் கீழே ஜிடிஎக்ஸ் 1650 விஜிஏ, 16 ஜிபி ரெம் ஒரே துண்டாக, ‘500 வாட்’ பவர் சப்ளை கேசிங்கோடு இலவசம்.

தம்பி பட்டியலை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, “வீட்டுல என்ன மொனிட்டர் இருக்கு? என்ன கேம் விளையாடுவ? கரண்ட் எப்படி?” என்று கேட்டான். அந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. 60 ஹேர்ட்ஸ் மொனிட்டர் விநாடிக்கு 60 படங்களுக்கு மேல் காட்டாது. விஜிஏ 150 படம் வரைந்தாலும் மிச்சம் கண்ணுக்கு வராது, அதற்குக் கொடுத்த காசும் வராது. 1080பியிலிருந்து 1440பிக்குப் போனால் புள்ளிகள் ஏறத்தாழ 1.8 மடங்கு, அந்தச் சுமை விஜிஏயின் தலையில் விழும், புரொசெசருக்குப் பெரிய மாற்றமில்லை. வெலோரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 போன்றவை புரொசெசரைத்தான் வாட்டும். சைபர்பங்க் 2077 விஜிஏயைப் பிழியும்.

“ஏன் தம்பி, ஐ7 நல்லதுதானே?” என்று கேட்டேன்.

“நல்லதுதான் அண்ணன். ஆனா இந்த விஜிஏயோட போட்டா அது சும்மா உட்கார்ந்திருக்கும். ஐ7ங்கிற பேருக்குத்தான் காசு வாங்குறாங்க.”

அவன் புதிதாக எழுதினான்: ஆறு கோர் உள்ள ரைசன் 5 5600, ஆர்எக்ஸ் 6600, 8 ஜிபி ரெம் இரண்டு. ஒரே துண்டாகப் போட்டால் ஒரு பாதை. இரண்டாகப் போட்டால் தரவு இரண்டு பாதையில் ஓடும். பழைய டிடிஆர்4 மதர்போர்டைத் தெரிந்தெடுத்ததற்கும் ரெம் விலைதான் காரணம். அலுவலகப் பெட்டிகளிலிருந்து கழற்றிய டிடிஆர்4 ரெம் இரண்டை ராத்திரி முழுக்கச் சோதித்து வைத்திருந்தான். மைக்ரோனின் தீர்மானத்துக்கு அந்த அறையில் கிடைத்த பதில் அதுதான்.

பிறகு பவர் சப்ளைக்கு வந்தான். அன்று பெரும்பொழுது அதிலேயே போயிற்று. ‘500 வாட்’ என்று அட்டை ஒட்டிய பழைய பெட்டியொன்றை என் கையில் தந்தான்; கனமே இல்லை. பக்கவாட்டு அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு நேரே 18 ஆம்பியர் என்று இருந்தது. “பெருக்கிப் பாருங்க அண்ணன்.” 216 வாட். விஜிஏயும் புரொசெசரும் குடிப்பது அந்த 12 வோல்ட்டைத்தான். அட்டையில் உள்ள 500 எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. நல்ல 550 வாட் பெட்டியில் அதே இடத்தில் 45 ஆம்பியர் நிற்கிறது. கேம் ஓடும்போது விஜிஏ கணநேரத்துக்குத் தன் சராசரியைத் தாண்டி இழுக்கும். அந்தக் கணத்தில் மெலிந்த பெட்டி கையை விரித்துவிடும்.

நம் நாட்டு மின்சாரத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை இருட்டு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடே இருண்டது. கரண்ட் போகும்போதல்ல, திரும்பி வரும்போதுதான் சாமான் சாகிறது என்கிறான் தம்பி. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயலோடு களனி பெருகி, கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கமெல்லாம் தண்ணீர் ஏறியபோது நனைந்த கொம்பியூட்டர்கள் இவனிடம் வந்தன. மதர்போர்டுகளைக் கழுவி உலர்த்திப் பார்த்தான், சில பிழைத்தன. நனைந்த பவர் சப்ளையை மட்டும் ஒன்றுகூடத் திருத்தித் தரவில்லை. “அது ஆளைக் கொன்னுடும்.”

இந்த அறிவுக்கு என்ன கூலி? பூட்டுக்கூலி மட்டும். காசு முழுக்க மேலே இருப்பவர்களுக்கு. இறக்குமதிக்காரர், மொத்த வியாபாரி, கடைக்காரர் என்று ஒவ்வொரு கையிலும் ஒரு பங்கு நிற்கிறது. 2024 ஜனவரியிலிருந்து 18 வீத வற் வரி வேறு. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் பாய்ந்தபோது விலையைக் கூட்டியவர்கள், டொலர் இறங்கியபோது அந்த வேகத்தில் குறைக்கவில்லை. அதே வருடம் செப்டெம்பரில், விஜிஏக்களால் செய்த எதீரியம் மைனிங் நின்றதும், இரவு பகல் வெந்த விஜிஏக்களைத் துடைத்துப் பெட்டியில் போட்டு ‘கேமிங்’ என்று விற்றவர்களும் உண்டு. எந்தச் சாமான் தேங்கிக் கிடக்கிறதோ அதுவே பட்டியலில் ஏறுகிறது. குவைத்தில் யாரோ வீட்டுச் சமையலறையில் ஒரு தாய் நின்ற மாதங்கள் அந்தத் தேங்கிய சரக்கில் போய்விடக் கூடாது. கடைச் சாமானைத் தள்ளிவிட்டால் கமிஷன் தருவதாக இவனையும் கேட்டிருக்கிறார்கள், மறுத்துவிட்டான். கொம்பியூட்டர் எரிந்தால் கடைக்காரர் ‘பூட்டியவனைக் கேள்’ என்பார், பிள்ளை இவன் வாசலில்தான் வந்து நிற்பான்.

சாமான் வந்து பூட்டிய நாளிலும் போனேன். விண்டோஸ் ஏற்றும் நேரம் வெளியே போய்ப் பிளேன்டீ குடித்துவிட்டு வந்தேன். கேமை ஓடவிட்டு, திரையின் மூலையில் எண்களைக் காட்டினான். விஜிஏ 98 வீதம், புரொசெசர் 60. விஜிஏ முழு மூச்சில் ஓட வேண்டும், புரொசெசருக்குக் கொஞ்சம் மூச்சு மிஞ்ச வேண்டும் என்பது அவன் அளவு. கேம் மாறினால் இந்த எண்களும் மாறும் என்பதால் மூன்று கேம் போட்டுப் பார்த்தான். சுவரில் செருகிய வாட் மீட்டர் 250ஐ ஒட்டி நின்றது.

பையன் கலர் லைட் ஃபேன் கேட்டான். “அது அடுத்த வருசம். மிஞ்சின காசுக்கு யூபிஎஸ் வாங்கு. 650 விஏ சின்னது, அதுக்கு மேல பாரு” என்று சொல்லிவிட்டு, தம்பி கொப்பித் தாளொன்றைக் கிழித்தான். ஒவ்வொரு சாமானின் தொடர் இலக்கம், வாங்கிய கடை, உத்தரவாதம் முடியும் திகதி எல்லாவற்றையும் எழுதினான். கடைசி வரியில் 12 வோல்ட், 45 ஆம்பியர் என்று எழுதிக் கோடு கீறி, பையனிடம் நீட்டினான்: “கடைக்குப் போனா இதைக் காட்டிப் பேசு.”