காப்பி அடிப்பது எப்படி?

தலைப்பைப் பார்த்துவிட்டு, செமஸ்டர் நெருங்கும் நேரத்தில் நல்ல டிப்ஸ் கிடைக்கும் என்று ஓடி வந்த வகுப்புத் தோழர்களே, மன்னிக்கவும். இது அந்தக் காப்பி இல்லை. சித்தி வீட்டு டிகிரி காப்பியும் இல்லை (அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம்). இது மெயின்பிரேமில் ஒரு கோப்பைப் பார்த்து இன்னொரு கோப்பு எடுக்கிற சமாச்சாரம்.

பி.காம் படிக்கிறவனுக்கு எதுக்குப்பா இந்த வேலை என்கிறீர்களா? போன மாதம் கேம்பஸில் ஒரு கம்பெனி (பெயர் வேண்டாமே) எனக்கு ஆஃபர் கொடுத்தது. மூன்று மாதம் மெயின்பிரேம் டிரெயினிங், அப்புறம் ராத்திரி ஷிப்ட். வெள்ளிக்கிழமைக்குள் சரி, இல்லை என்று ஏதாவது ஒன்று சொல்லியாகணும். அப்பா சி.ஏ. சேரச் சொல்கிறார். நண்பர்களோ, "அது செத்துப்போன மிஷின்டா" என்கிறார்கள். நான் நேராக மந்தைவெளிக்குப் பஸ் ஏறிவிட்டேன், சித்தியைப் பார்க்க.

சித்தியும் பி.காம்தான். 1998இல் டிகிரி முடித்த கையோடு தி.நகரில், பனகல் பார்க் பக்கம் ஒரு மொட்டைமாடி வகுப்பில் கோபாலும் ஜேசிஎல்லும் படித்தார். ("யாருடி அந்தக் கோபால்?" என்று பாட்டி ஒரு வாரம் துளைத்தாராம்.) ஒய்2கே காலம் அது. வருஷத்தை இரண்டு இலக்கத்தில் எழுதி வைத்த பழைய புரோகிராம்களை எல்லாம் 2000க்குள் சரி பார்த்தாக வேண்டும். ஆள் கிடைத்தால் போதும் என்றிருந்த நேரம். காமர்ஸ், கணக்கு, இயற்பியல் என்று எது படித்தவர்களும் உள்ளே போனார்கள்.

மெட்ராஸுக்கு மெயின்பிரேம் புதுசும் இல்லை. அடையாறு தாண்டினால் ஐஐடி. அங்கே 1973இல் ஐபிஎம் 370/155 வந்தது. மாணவர்கள் கார்டில் ஓட்டை போட்டுக் கட்டாகக் கொடுத்துவிட்டு, அச்சடித்த தாளுக்குக் காத்திருப்பார்களாம். ஒரு கார்டில் 80 கட்டம். கார்டு போய்ப் பல காலம் ஆகிவிட்டது, ஆனால் அந்த 80 மட்டும் போகவில்லை. இன்றைக்கும் ஜேசிஎல்லில் ஒரு வரி 80 கட்டம்தான். செத்துப்போன மிஷினுக்கு ஐபிஎம் 2025இல்கூட இசட்17 என்று புது மாடல் விட்டிருக்கிறது என்பதையும் நண்பர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். மெயின்பிரேமில் கோப்புக்கு டேட்டா செட் என்று பெயர். அதை வரிசைப்படுத்த ஐபிஎம் தரும் கருவி டிஎஃப்சார்ட். போட்டிக்கு சின்க்சார்ட் என்று ஒன்று உண்டு (அந்தக் கம்பெனி 2020இல் பிரிசைஸ்லி என்று பெயர் மாற்றிக்கொண்டது). அடுக்குவதற்கு இவ்வளவு பெரிய கருவி எதற்கு என்று எனக்கும் தோன்றியது. டொனால்ட் குனூத் 1973இல் வெளிவந்த தன் புத்தகத்தில், கம்ப்யூட்டர்கள் ஓடும் நேரத்தில் கால்வாசிக்கு மேல் அடுக்குவதிலேயே போகிறது என்று தயாரிப்பாளர்கள் கணித்ததாகச் சொல்லியிருக்கிறார். அதனால் ஐபிஎம் இந்தக் கருவியைத்தான் உட்கார்ந்து உட்கார்ந்து வேகப்படுத்தியது. படிப்பதிலும் எழுதுவதிலும் அது சூரப்புலி ஆகிவிட்டது.

அதனால்தான் வேடிக்கை. நகல் எடுப்பதற்கென்றே ஐஇபிஜெனர் என்று ஒன்று இருக்கும்போதும் ஆட்கள் அடுக்கும் கருவியைக் கூப்பிட்டு, "நீ அடுக்கவே வேண்டாம், அப்படியே நகல் எடு" என்கிறார்கள். வேலையும் சீக்கிரம் முடியும். போகிற போக்கில் இந்தக் கிளை மட்டும் எடு, அந்தக் கணக்கை விடு, மூன்றாவது புலத்தை முன்னால் கொண்டுவா என்றும் சொல்லிக்கொள்ளலாம். இதற்குப் புரோகிராம் ஒன்றும் எழுத வேண்டாம். சார்ட்இன் என்ற இடத்தில் மூலக் கோப்பின் பெயர். சார்ட்அவுட் என்ற இடத்தில் நகலின் பெயர். சிஸ்இன் என்ற இடத்தில் ஒரே வரி: சார்ட் ஃபீல்ட்ஸ்=காப்பி. அவ்வளவுதான்.

வேலை முடிந்ததும் லாகில் இத்தனை ரெக்கார்ட் இன், இத்தனை அவுட் என்று ஒரு வரி வரும். சித்தி அதைக் காட்டியதும் எனக்கு டிரயல் பேலன்ஸ்தான் ஞாபகம் வந்தது. இரண்டு பக்கமும் சமம் என்றால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை என்று முதல் வருஷத்திலேயே மண்டையில் ஏற்றியிருக்கிறார்களே! வேறு பார்ட்டி கணக்கில் போஸ்டிங் போட்டாலும் டோட்டல் டேலி ஆகும். இங்கேயும் அப்படித்தான், எண்ணிக்கை மட்டும்தான் தெரியும்.

அப்போதுதான் சித்தி அந்தக் கதையைச் சொன்னார். வீட்டில் யாருக்குமே தெரியாதாம்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம். ஒரு வெளிநாட்டு வங்கியின் ராத்திரி வேலைகள் இவர்கள் பொறுப்பு. அதில் ஒரு ஜாப், மூடிய கணக்குகளை நீக்கிவிட்டு மீதியைக் கணக்கு எண்படி அடுக்கி, அதே கோப்பில் திரும்ப எழுதும். அதாவது சார்ட்இன், சார்ட்அவுட் இரண்டிலும் ஒரே பெயர். அடுக்கும்போது இதில் தப்பில்லை. எல்லா ரெக்கார்டையும் படித்து முடித்த பிறகுதான் கருவி எழுதவே ஆரம்பிக்கும். வருஷக்கணக்கில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.

சித்தி ஒன்றைக் கவனித்தார். முந்தின ஸ்டெப்பிலிருந்து வரும்போதே கோப்பு கணக்கு எண் வரிசையில்தான் வருகிறது. அப்புறம் எதற்கு மறுபடி அடுக்கணும்? நேரம் மிச்சமாகுமே என்று அந்த வரியைக் காப்பி என்று மாற்றினார். 200 ரெக்கார்டில் டெஸ்ட் செய்தார். கச்சிதமாக வந்தது. எல்லோரும் கைகொடுத்தார்கள்.

ஆனால் காப்பியில் படிப்பதும் எழுதுவதும் கூடவே நடக்கும். மூலமும் நகலும் ஒரே கோப்பாக இருக்கக் கூடாது என்று கையேட்டிலேயே இருக்கிறது. பழைய லெட்ஜரைப் பார்த்துப் புது லெட்ஜர் எழுதுவது வேறு, பார்த்து எழுத வேண்டிய பக்கத்தின் மேலேயே எழுதிக்கொண்டு போவது வேறு. 200 ரெக்கார்ட் ஒரே வாயில் உள்ளே போய்விட்டதால் டெஸ்டில் தப்பித்தது. நிஜக் கோப்பு அப்படியா இருக்கும்?

ராத்திரி 2.30க்குப் போன். அடுத்த ஜாபில் கன்ட்ரோல் டோட்டல் உதைத்து எல்லாம் நின்றுவிட்டது. கோப்பில் பாதிக்கு மேல் காணோம். லீட் கேட்பதற்கு முன்பே சித்தி, "நான்தான் சார் மாத்தினேன்" என்று சொல்லிவிட்டார். முந்தின நாள் பிரதியை டேப்பிலிருந்து இறக்கி, அன்றைய நடவடிக்கைகளை மறுபடி ஓட்டி, விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் முடிந்தது. ஒரு கணக்கிலும் ஒரு பைசா போகவில்லை. ஆனால் விசா வரை வந்திருந்த சித்தியின் ஆன்சைட் போய்விட்டது. பக்கத்து சீட்டுக்காரர் போனார். வீட்டில், "புராஜெக்ட் தள்ளிப் போயிடுச்சு" என்று சொல்லி வைத்தாராம்.

"அமெரிக்கா போக முடியலையேன்னு வருத்தமா சித்தி?"

"அதெல்லாம் அப்பவே போச்சுடா. டெஸ்ட்ல தப்பா வந்திருந்தா ஏன்னு நூறு தடவை கேட்டிருப்பேன். சரியா வந்ததால கேக்கவே இல்ல."

"அப்போ நான் இந்த வேலைக்குப் போகலாமா, வேண்டாமா?"

"வேலை ஒண்ணும் செத்துப்போகல. ராத்திரித் தூக்கம்தான் செத்துப்போகும். சி.ஏ.ன்னா மட்டும் நீ தூங்கிடுவியா?" என்று டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மாணவர்கள் நிஜ மெயின்பிரேமில் இலவசமாகப் பழக ஐபிஎம் இசட் எக்ஸ்புளோர் என்று ஒன்று வைத்திருக்கிறது. நேற்று ராத்திரி அதில் உட்கார்ந்தேன். எங்கள் வகுப்பு டூர் பணக் கணக்கில் முதல் 12 பெயரை ஏற்றி, பணம் கட்டியவர்களை மட்டும் நகல் எடுக்கச் சொன்னேன். முதல் தடவை ரிட்டர்ன் கோடு 16, அதாவது படுதோல்வி. அரை மணி நேரம் முழித்த பிறகுதான் தெரிந்தது, கட்டளையை முதல் கட்டத்திலேயே ஆரம்பித்திருக்கிறேன். ஒரு கட்டம் காலி விடணுமாம்! விட்டேன். சார்ட்அவுட் பெயரும் சார்ட்இன் பெயரும் வேறுதானா என்று மூன்று முறை பார்த்துவிட்டு சப்மிட் கொடுத்தேன்.

இன் 12, அவுட் 9. சரிதானா என்று விரல் விட்டும் எண்ணினேன். மூன்று பேர் இன்னும் பணம் கட்டவில்லை, அதில் ஒருவன் நான். ஹெச்.ஆருக்கும் இன்னும் மெயில் போடவில்லை.