ரதி அழும்போது யாரும் கைதட்டுவதில்லை

எங்கள் மலையகத்து வட்டகொடைப் பக்கத்தில், சிவன் எரித்த மன்மதனுக்காக அவன் மனைவி ரதி அழுகிற காமன் கூத்தில் 'வன்ஸ்மோர்' என்ற சத்தத்தை நான் கேட்டதில்லை. விசில் உண்டு. தூதன் ஆடிவந்தால் சின்னப் பிள்ளைகள் போடுகிற கூச்சலும், இன்னார் இவ்வளவு அன்பளிப்பு என்று மைக்கில் சொல்வதும் உண்டு. பாடியதைத் திரும்பப் பாடு என்று யாரும் கேட்பதில்லை.

வன்ஸ்மோர் நாடகக் கொட்டகையின் பழக்கம். 'வள்ளி திருமணம்' நடந்துகொண்டிருக்கும். நாடகப் பாடகர் கிட்டப்பா 'காயாத கானகத்தே' என்று எடுத்துவிட்டால் கதை அங்கேயே நிற்கும். அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியத்தில் விரட்ட, தம்பி மேலே மேலே போவார். வள்ளி பாவம், தினைப்புனத்தில் காத்திருக்க வேண்டியதுதான். அந்த வள்ளியாகக் கே.பி. சுந்தராம்பாள் அவரோடு ஜோடி சேர்ந்தது 1926இல் நம் இலங்கை மேடையில். 1933இல் கிட்டப்பா போய்விட்டார், 27 வயதில். நியூயோர்க்கிலும் இதே கதைதான். 1930இல் 'கேர்ள் கிரேஸி' நாடகத்தில் பாடகி எதல் மெர்மன் ஒரே சுரத்தை விடாமல் நீட்டிப் பிடித்தார். சபை மறுபடி மறுபடி பாடச்சொல்லி ஆர்ப்பரித்தது. எல்லாம் குரலுக்குக் கிடைத்த மரியாதை. கதை கொஞ்சம் காத்திருந்தால் குடிமுழுகிவிடாது.

காமன் கூத்தில் கதை நிற்பது வேறு மாதிரி. மாசி அமாவாசை கழிந்து கம்பம் நட்டதிலிருந்து ரதி, மன்மதன் வேடக்காரர்கள் விரதம். பௌர்ணமி இரவு தோட்டத்து லயம் லயமாக ஆடிவந்து, சிவனின் நெற்றிக்கண் திறந்து தகனம் முடியும்போது நடுச்சாமம் தாண்டியிருக்கும். ரதி வேடம் கட்டியவர் ஆண்தான். பகலில் மலையில் கவ்வாத்து வெட்டுகிற கை. அதில் கண்ணாடி வளையல். பனியிலும் புகையிலும் தொண்டை கட்டிப்போயிருக்கும். தப்பு மேளத்தை அடக்கிவிடுவார்கள். அவர் சாம்பல் பக்கம் உட்கார்ந்து புலம்பலை எடுப்பார். சுருதி எங்கேயோ கிடக்கும்.

ஒரு வருடம் நான் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில், கம்பளியைத் தலையோடு போர்த்தியிருந்த ஒரு பாட்டி, ரதி மூச்சு வாங்கிய இடைவெளியில் அடுத்த அடியைத் தானே எடுத்தார். ரதி சொல்லவேண்டிய அடி அல்ல. மன்மதன் இருந்த இடத்தில் செத்துப்போன தன் மகனை வைத்துப் பாடினார். இன்னும் இரண்டு மூன்று பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். வேடக்காரர் பேசாமல் இருந்தார். கூத்து வாத்தியாரும் அவசரப்படுத்தவில்லை. கால் மணி நேரம் கூத்து அவர்கள் கையில் இருந்தது. இழவு வீட்டில் கட்டிப்பிடித்து அழுகிற அதே மெட்டுத்தானே, அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுக்க வேண்டும்? பாடகர் கெட்டிக்காரராக இருந்தால் வாயை மூடிக் கேட்டிருப்பார்கள். தொண்டை கட்டியதே நல்லதாயிற்று என்று எனக்குப் பட்டது.

இந்த அழுகையின் மதிப்பை அறிந்த ஒருவர், இங்கே பக்கத்து மடகொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை. இளவயதில் அவர் எழுதியது 'விஸ்மாஜினி' என்ற ஆங்கில இசை நாடகம். 1934இல் தாகூர் இலங்கை வந்தபோது அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தார். அதே மனிதர்தான் பிற்பாடு தோட்டத்துப் பெண்களின் தாலாட்டையும் ஒப்பாரியையும் தேடித் தொகுத்தார். 1947இல் தலவாக்கலையில் வென்று பாராளுமன்றம் போனதை விட இதைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன்.

சில காலம் முன்பு நகரத்தில் ஒரு கலைவிழா. எங்கள் பக்கத்துக் குழுவுக்கு அரை மணி நேரம் கொடுத்தார்கள். தூதன் ஆட்டம் முழுதாக வந்தது, தகனத்துக்குச் சிவப்பு லைட் போட்டார்கள், புலம்பலை மட்டும் நேரமில்லை என்று வெட்டிவிட்டார்கள். சபையில் நல்ல கைதட்டல். எனக்கு அது கூத்தாகவே தெரியவில்லை. புலம்பலை வெட்டிய காமன் கூத்து வெறும் வேடிக்கை.

மாசியில் இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நெருப்பைப் படம் பிடித்த கையோடு வேனில் ஏறிவிடாதீர்கள். ஸ்வெட்டர் கொண்டுவாருங்கள், பெண்கள் இருக்கும் பக்கமாக உட்காருங்கள், போனைப் பையில் போட்டுவிடுங்கள். கைதட்ட மட்டும் வேண்டாம்.