ஐந்தருவியும் அப்பாவின் கம்ப்யூட்டரும்

போன வருஷம் ஜூன் கடைசி, செமஸ்டர் லீவு. தென்காசியில் சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்தது. குற்றாலத்தில் சீசன் களைகட்டியாச்சு. நண்பர்கள் ஐந்தருவிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். "அரை மணி நேரம் பொறுங்கல, வந்துடுதேன்" என்று சொல்லிவிட்டு வீட்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

அது அப்பாவோட கம்ப்யூட்டர். அப்பா பத்திர எழுத்தர். பகலில் எடுத்த குறிப்புகளை ராத்திரி ஒரு பழைய தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேரில் அடிப்பார். "ஏல, ரொம்ப ஸ்லோவா ஓடுது. என்ஜினீயரிங்தான படிக்க, என்னன்னு பாரு" என்று சொல்லியிருந்தார்.

ரெஜிஸ்ட்ரியைச் சரிசெய்தால் வேகம் கூடும் என்று எங்கேயோ படித்த ஞாபகம். இலவச ரெஜிஸ்ட்ரி எடிட்டர் என்று தேடி, முதலில் கண்ணில் பட்டதை இறக்கினேன். பெயர்தான் எடிட்டர், உள்ளே இருந்தது கிளீனர். ஸ்கேன் ஓடி முடிந்ததும் 800-க்கு மேல் 'பிழைகள்', எல்லாம் சிவப்பில்! ஒன்றையும் படிக்காமல் 'ஃபிக்ஸ் ஆல்' அமுக்கிவிட்டு அருவிக்குப் போய்விட்டேன்.

ராத்திரி அப்பா உட்கார்ந்தபோது டைப்பிங் சாஃப்ட்வேர் லைசென்ஸ் கீ கேட்டது. வாங்கி பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. விற்ற கடையே இப்போது இல்லை. மறுநாள் முகூர்த்த நாள், மூன்று பத்திரம் பதிவுக்குப் போகணும். அப்பா திட்டவே இல்லை. குறிப்புகளைப் பையில் போட்டு, குடையை எடுத்துக்கொண்டு, இன்னொரு எழுத்தர் வீட்டுக்கு டைப் அடிக்கப் போனார். திட்டியிருந்தால்கூட பரவாயில்லை என்றிருந்தது.

ஹாஸ்டல் சீனியர் அண்ணனுக்கு போன் போட்டேன். "பேக்கப் எடுத்தியா?" "இல்லண்ணே." "ரீஸ்டோர் பாயிண்ட் இருக்கா பாரு." நல்லவேளை, நாலு நாள் முந்தைய ஒன்று இருந்தது. அதை ஓட்டியதும் சாஃப்ட்வேர் திறந்தது. அப்பா திரும்பி வரும்போது மணி பதினொன்று.

அப்புறம்தான் ரெஜிஸ்ட்ரி என்றால் என்ன என்றே ஒழுங்காகப் படித்தேன். விண்டோஸ் 95-லிருந்து சிஸ்டம், சாஃப்ட்வேர் அமைப்புகள் பெரும்பாலும் சேர்ந்திருக்கும் இடம் அது. திறந்தால் ஐந்து கிளைகள் தெரியும். ஆனால் சொந்தமாக நிற்பது 'லோக்கல் மெஷின்', 'யூசர்ஸ்' என்ற இரண்டுதான். மற்ற மூன்றும் அவற்றுக்குள் பார்க்கிற ஜன்னல்கள். நம்ம ஐந்தருவி மாதிரி: கீழே ஐந்தாக விழுந்தாலும் மேலே ஓடை ஒன்றுதான். ஒரு இடத்தில் கை வைத்தால் இன்னொரு இடத்தில் தெரியும்.

அப்போ எந்த எடிட்டர் நல்லது? என் அனுபவத்தில், விண்டோஸோடவே வருகிற 'ரெஜ்எடிட்' போதும். காசு இல்லை, விளம்பரம் இல்லை. ஆனால் அதில் 'அன்டூ' கிடையாது, 'சேவ்' பட்டனும் கிடையாது, மாற்றியது மாற்றியதுதான். அதனால் தொடப்போகிற கீயை முதலில் எக்ஸ்போர்ட் பண்ணி வைக்கணும். தேடுவதற்கு மட்டும் நிர்சாஃப்ட்டின் 'ரெஜ்ஸ்கேனர்' வைத்திருக்கிறேன். இலவசம், இன்ஸ்டால் பண்ணவும் வேண்டாம். கேட்காமலே பிழைகளை எண்ணிக் காட்டுகிற எதையும் நம்பாதீங்க. இப்படிப்பட்ட கிளீனர்களை மைக்ரோசாஃப்ட்டே ஆதரிப்பதில்லை.

கம்ப்யூட்டர் ஸ்லோவானதுக்கு ரெஜிஸ்ட்ரி காரணமே இல்லை. ஆன் பண்ணும்போதே கூடவே ஓட ஆரம்பிக்கிற நாலு சாஃப்ட்வேர்தான். டாஸ்க் மேனேஜரில் நிறுத்த இரண்டு நிமிஷம் ஆச்சு.

இதையெல்லாம் அப்பாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "மூலப் பத்திரத்தோட நகல் கைல இல்லாம நாங்க ஒரு எழுத்தக்கூட மாத்த மாட்டோம்ல. இத உங்க காலேஜ்ல சொல்லித்தரலியா?"

இப்போது ரெஜிஸ்ட்ரி பேக்கப் ஒரு பென்டிரைவில் அப்பாவின் மேஜை டிராயரில் இருக்கிறது. மேலே ஒரு துண்டுத் தாள் ஒட்டி, அப்பா கையெழுத்தில்: 'மூலப் பத்திரம்'.