ஆடும் புலியும் கற்றுத்தந்த தொழில்

3 புலி, 15 ஆடு, கோடுகள் சந்திக்கிற 23 இடங்கள். ஆடு புலி ஆட்டத்துக்கு இவ்வளவுதான் முதல். வீடியோ கேம் வடிவமைப்பையே தொழிலாக எடுத்துக்கொண்ட பிறகும், புது ஆட்டத்துக்கு விதி எழுத உட்கார்ந்தால் என் மனசு முதலில் போய் நிற்பது, மதுரை கோச்சடை அய்யனார் கோயில் பக்கத்துத் திண்ணையில் கரிக்கட்டையால் கிழித்த அந்தக் கோடுகளில்தான்.

இரண்டு பக்கமும் சமமில்லாத ஆட்டம் அது. புலி தாண்டும், வெட்டும். ஆட்டுக்கு வெட்டத் தெரியாது. 15-ஐயும் இறக்கி முடிக்கும்வரை நகரவும் கூடாது. ஆனாலும் ஆட்டுக்காரர் ஜெயிக்க முடியும். புலி தாண்டி இறங்க வேண்டுமானால், ஆட்டுக்குப் பின்னால் அதே கோட்டில் காலி இடம் வேண்டும். அங்கே இன்னொரு ஆட்டை வைத்துவிட்டால் முன்னால் நிற்பது பிழைத்தது. இப்படி ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நெருக்கிக்கொண்டே போனால், கடைசியில் 3 புலியும் அசைய வழியின்றி அடைபட்டுவிடும். பலமில்லாத பக்கத்துக்கு எண்ணிக்கையைக் கொடுத்துச் சரிக்கட்டிய அந்தக் கணக்கைப் போட்டவர் யாரோ, அவரைவிடப் பெரிய வடிவமைப்பாளரை நான் கண்டதில்லை.

தெருவில் இன்னொரு பாடமும் கிடைத்தது. குட்டிப் பிள்ளை ஆட்டத்துக்கு வருவேன் என்று அழுதால், ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வோம்; அவுட்டானாலும் வெளியே போக வேண்டியதில்லை. இன்று என் ஆட்டங்களில் புதிதாக வருபவருக்கு முதல் சில கட்டங்களில் விதியைத் தளர்த்திவைக்கிறேனே, அது அங்கிருந்து வந்ததுதான்.

சிறுவயது விளையாட்டிலிருந்து ஆட்டம் கட்டியவன் நான் மட்டுமில்லை. ஜப்பானின் வீடியோ கேம் வடிவமைப்பாளர் சதோஷி தஜிரி சிறுவயதில் பூச்சி பிடித்துத் திரிந்தவர். 1996-ல் கேம் பாய்க்கு வந்த போகிமான் அந்தப் பழக்கத்தில் பிறந்தது. பிடித்ததைக் கூட்டாளியோடு மாற்றிக்கொள்கிற குஷியை, இரண்டு கருவிகளை இணைக்கும் கேபிளுக்குள் கொண்டுவந்தாரே, அதைத்தான் நான் மெச்சுவேன். டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்ட ‘வெண்பா’ என்ற வீடியோ கேமில் இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்பதே ஒரு புதிர். கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பத்தின் கதை. 2024-ல் பாஃப்டா விருது வாங்கியது. நம் அடுப்படியில் இருந்தது உலகம் விளையாடுகிற ஆட்டமானதில் எனக்குச் சொல்லி மாளாத பெருமை. மதுரைக்குப் பக்கத்திலேயே, கீழடி அகழாய்வில் பகடையும் ஆட்டக்காய்களும் வட்டச்சில்லுகளும் கிடைத்திருக்கின்றன. ஆட்டம் கட்டுவது இந்த மண்ணுக்குப் புதுசில்லை.

இப்போது ஆடு புலியைக் கைபேசிக்குக் கொண்டுவரும் வேலையில் இருக்கிறேன். கணினியைப் புலியாக ஆடவைப்பது சுலபம். வெட்டுக் கிடைத்தால் வெட்டு என்று சொன்னாலே பாதி வேலை முடிந்தது. ஆட்டுக்காரரின் பொறுமையை அதற்குக் கற்றுத்தரத்தான் இன்னும் மெனக்கெட்டுக்கொண்டிருக்கிறேன்.