மைனார்ஸ்கியின் விமானம்

கனடாவின் ஹாமில்டன் விமான நிலையத்தை ஒட்டிய அருங்காட்சியகத்தின் பெருமை ஒரு லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம். நான்கு மெர்லின் எஞ்சின்கள். ஒவ்வொன்றிலும் 12 சிலிண்டர்கள். சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள் பல ஆண்டுகள் உழைத்துச் சீரமைக்க, 1988இல் அது மீண்டும் பறந்தது.

இத்தனை பாடு எதற்கு? 1944 ஜூனில், பிரான்ஸ் வானில், இதே ரக விமானமொன்றின் இடதுபக்க எஞ்சின்கள் இரண்டும் செயலிழந்தன. வால்பக்கத் துப்பாக்கிக் கூண்டைச் சுழற்றும் விசை அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது. கூண்டு நின்றது, பாட் பிரோஃபி உள்ளே சிக்கினார். குதித்துத் தப்பியிருக்கக்கூடிய ஆண்ட்ரூ மைனார்ஸ்கி, தீயினூடே தவழ்ந்து சென்று அவரை விடுவிக்கப் போராடினார். முடியவில்லை. உடை பற்றியெரிய, ஒரு சல்யூட் வைத்துவிட்டுக் குதித்தவர் இறந்துபோனார். விமானத்தோடு விழுந்த பிரோஃபி பிழைத்தார்.

ஹாமில்டன் விமானம் மைனார்ஸ்கியின் நினைவுச் சின்னம். ஓர் எஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு இங்கே வேறு பாடம் தேவையில்லை.