கிராணி ஐயாவும் கைப்பேசியும்

எங்கள் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். ஊரில் இருந்த தன் அண்ணனுக்குக் கடிதம் போட வேண்டுமென்றால், ஞாயிற்றுக்கிழமை காலையில் கிராணி ஐயா வீட்டு வாசலில் போய் நிற்பார். நானும் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். "இந்த மாசம் கையில காசு இல்ல, அடுத்த மாசம் பார்த்து அனுப்புறேன்னு எழுதுங்கய்யா" என்பார். கிராணி ஐயா நல்ல மனிதர். தமிழும் அழகாக எழுதுவார். 'இறைவன் அருளால் இங்கு யாவரும் நலமும் வளமுமாக இருக்கிறோம்' என்று ஆரம்பித்து ஒரு பக்கத்துக்குப் போவார். அந்த 'வளமுமாக'வைப் பார்த்துவிட்டு, கிணறு வெட்டப் பணம் அனுப்பச் சொல்லி மாமா பதில் போட்டது எங்கள் வீட்டில் வெகுநாள் பேச்சு.

இப்போது என் கைப்பேசியில் ஒரு கிராணி இருக்கிறது. அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

லெம்பா பெர்த்தாமில் மேட்டு நிலத்தில் எங்கள் வீடு. மூன்று அறைகளைச் சுற்றுப்பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறேன். கீழே சாலையோரத்தில் தேயிலைத்தூள், ஸ்ட்ராபெரி ஜாம் விற்கும் சின்னக் கடை. கணவர் காய்கறி லோரி ஓட்டுகிறார். ஆகவே சமையல், துணி, கணக்கு, வாடிக்கையாளர் எல்லாம் என் தலையில். பள்ளி விடுமுறை என்றால் புலனத்தில் ஒரு நாளைக்கு நாற்பது செய்தி வரும். மலாய், ஆங்கிலம், சீனம் என்று எல்லா மொழியிலும் வரும்.

சாட்ஜிபிடி உலகத்துக்கு வந்தது 2022 நவம்பர் கடைசியில். அந்த வகைச் செயலி ஒன்று எங்கள் அடுப்படிக்கு வந்து சேர இரண்டு வருடம் ஆனது. தீபாவளிக்கு வந்த மகள்தான் போட்டுக் கொடுத்தாள். "அம்மா, கேள்விய இதுல ஒட்டுங்க, பதில எடுத்து அங்க ஒட்டுங்க, அவ்வளவுதான்." உண்மையிலேயே அவ்வளவுதான். சீனத்தில் வரும் கேள்விக்குப் பக்கத்துத் தோட்டத்துத் தவுக்கேயைத் தேடி ஓட வேண்டியதில்லை. மாவட்ட மன்றத்துக்கு மலாயில் எழுத வேண்டிய கடிதம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. முன்பெல்லாம் அதற்கு ஒரு சாயங்காலம் போய்விடும். இரவு பதினொன்றுக்குப் படுத்துக்கொண்டிருந்தவள் ஒன்பதரைக்கே படுத்தேன்.

நம் தமிழ் மட்டும் அதற்குக் கொஞ்சம் இடிக்கிறது. 'பழைய லயத்தை ஒட்டிய வீடு' என்று தமிழில் எழுதி ஆங்கிலத்தில் கேட்டேன். இசைக்குப் பக்கத்தில் வீடு இருப்பதாக எழுதித் தந்தது! தோட்டத்து லயம் அதற்கு எங்கே தெரியும்? மகளிடம் காட்டிச் சிரித்தேன்.

அடுத்தது சிரிக்கிற விஷயமில்லை.

டிசம்பரில் ஈப்போவிலிருந்து ஒருவர் ஆங்கிலத்தில் கேட்டிருந்தார்: அம்மாவுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை ஆகியிருக்கிறது, உங்கள் வீடு சரிவருமா? அடுப்பில் குழம்பு. வாசலில் இரண்டு பேர் ஜாம் கேட்டு நிற்கிறார்கள். கேள்வியை ஒட்டினேன். பதில் வந்தது. முதல் வரியை மட்டும் பார்த்தேன், மரியாதையாக இருந்தது. அனுப்பிவிட்டேன்.

எங்கள் வீட்டுக்குச் சாலையிலிருந்து 28 படி. அன்று மழை வேறு. காரிலிருந்து இறங்கிய அந்த அம்மா மேலே நிமிர்ந்து பார்த்தார். மகன் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். 'மூத்தவர்களும் சிரமமின்றி நடமாடக்கூடிய வசதியான இல்லம்' என்ற பொருளில் என் பெயரில் ஒரு வாக்கியம். நான் சொல்லாதது. ஆனால் நான் அனுப்பியது.

என் கணவரும் அந்த மகனும் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கினார்கள். பன்னிரண்டாவது படியில் அவர் பயத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "படி இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தங்கச்சி" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. வாடகை 180 வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தேன். மகன் வாங்கிக்கொண்டார், அந்த அம்மா வாங்க வேண்டாம் என்றார்.

மகள் பிறகு ஒரு வழக்கைப் பற்றிச் சொன்னாள். ஏர் கனடா விமான நிறுவனத்தின் உரையாடி ஒரு பயணிக்குக் கட்டணச் சலுகை பற்றித் தவறாகச் சொல்லிவிட்டது. அந்த உரையாடி சொன்னதற்கு அதுவேதான் பொறுப்பு, நாங்கள் அல்ல என்ற தோரணையில் நிறுவனம் வாதாடியதாம். 2024 பிப்ரவரியில் கனடாத் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. 800 கனடா டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது. விமானக் கம்பெனிக்கே அந்தக் கதி என்றால் ஜாம் விற்கிறவள் எந்த மூலை?

செயலியை நான் தூக்கிப் போடவில்லை. அதை நிறுத்தினால் மறுபடி பதினொரு மணிதான். இப்போது ஒரு தாளில் என் வீட்டைப் பற்றி நானே எழுதி வைத்திருக்கிறேன்: 28 படி, கைப்பிடி ஒரு பக்கம்தான், சுடுநீர் இரண்டு அறைக்கு, கார் நிறுத்த இரண்டே இடம். ஒவ்வொரு கேள்வியோடும் அதையும் சேர்த்து ஒட்டுகிறேன். பதிலைக் கடைசி வரி வரை படிக்கிறேன். ஒரு நாளைக்கு அரை மணி கூடுதலாகப் போகிறது, போகட்டும்.

ஒரே ஒரு கேள்வியை மட்டும் அதனிடம் கொடுப்பதில்லை. ஆண்டுக் கடைசி மழையில் வரலாமா என்று கேட்பார்கள். 2013 அக்டோபர் 23, நள்ளிரவுக்குப் பின் சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து தண்ணீரைத் திறந்துவிட்டபோது பெர்த்தாம் ஆறு இந்தப் பள்ளத்தாக்குக்குள் சேறும் மரமுமாக வந்தது. உயிர்கள் போயின. நாங்கள் மேட்டில் இருந்ததால் தப்பித்தோம். இருட்டில் கீழே இருந்து வந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அந்தச் சத்தத்தைக் கேட்காத ஒன்று 'கவலையின்றி வாருங்கள்' என்று எழுத நான் விட மாட்டேன்.

போன நவம்பரில் ஒரு குடும்பம் அப்படிக் கேட்டது. என் உடைந்த மலாயில் நானே எழுதினேன்: வீடு மேட்டில் இருக்கிறது, ஆனால் விடாத மழை என்றால் சாலையில் மண் சரியலாம், அணையில் எச்சரிக்கை ஒலி கேட்டால் ஆற்றோரம் போகக்கூடாது, சின்னப் பிள்ளைகள் இருந்தால் பிப்ரவரிக்குத் தள்ளிப் போடுங்கள். மூன்று எழுத்துப் பிழை இருந்ததாக மகள் சொன்னாள்.

அவர்கள் நவம்பரில் வரவில்லை. பிப்ரவரியில் வந்தார்கள், இரண்டு பிள்ளைகளோடும் ஒரு பாட்டியோடும். படியை எண்ணிக்கொண்டே ஏறிய சின்னவன் மேலே வந்து, இருபத்தேழுதான் என்று என்னோடு சண்டைக்கு நின்றான்.