நாலாவது நகர்த்தல்

காக்ரேன் கேம்பிட், சரியில்லை என்று சதுரங்க நூல்கள் ஒதுக்கிவைத்த ஒரு தொடக்கம். கம்ப்யூட்டர் வந்தபின் அந்தத் தீர்ப்பு எண்ணிக்கையாகவே கிடைக்கிறது: கறுப்புக்குத்தான் சாதகம். இது தெரிந்தேதான் பல வருஷங்களாக அதை ஆடுகிறேன், படிக்கிறேன்.

பெட்ரோவ் தடுப்பில் கறுப்பு, வெள்ளையின் முதல் இரண்டு நகர்த்தல்களை அப்படியே திருப்பிச் செய்யும். மூன்றாவதில் வெள்ளைக் குதிரை நடுச் சிப்பாயை வெட்டுகிறது. கறுப்பு ஒரு சிப்பாயைத் தள்ளி அதை விரட்டுகிறது. பின்வாங்குவதுதான் முறை. காக்ரேன் கேம்பிட்டில் குதிரை பின்வாங்காது. ராஜாவுக்குக் குறுக்காக முன்னால் நிற்கும் சிப்பாயையும் வெட்டி, ராணிக்கும் யானைக்கும் ஒருசேரக் குறிவைத்து உட்காரும். ராஜாவே இறங்கிவந்து அதை வெட்ட வேண்டும். ஒரு குதிரைக்கு இரண்டு சிப்பாய், கணக்கில் நஷ்டம். பதிலுக்குக் கிடைப்பது, கேஸ்லிங் உரிமை போய் வெட்டவெளியில் நிற்கும் ராஜா.

ஜான் காக்ரேன் ஸ்காட்லாந்துக்காரர், கல்கத்தாவில் பாரிஸ்டர். 1848இல் அவர் இப்படிக் குதிரையைக் கொடுத்தது மகேஷ்சந்திர பானர்ஜி என்ற வங்காளிக்கு எதிராக. மகேஷ்சந்திரர் இந்திய முறையில் ஆடிப் பழகி ஐரோப்பிய விதிகளுக்கு வந்தவர். நம் பழைய ஆட்டத்தில் சிப்பாய்க்கு இரண்டு கட்டப் பாய்ச்சல் கிடையாது. கேஸ்லிங்கும் கிடையாது, ராஜாவுக்கு ஒரே ஒரு முறை குதிரைப் பாய்ச்சல் உண்டு, அவ்வளவுதான். காக்ரேன் பறித்த உரிமை, எதிரே இருந்தவர் பிறந்து வளர்ந்த பலகையில் இல்லாத உரிமை.

கோவையில் நான் ஆடுவது பெரும்பாலும் மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரோடு. அவரும் பழைய முறையில் ஆரம்பித்தவர். புத்தகம் படித்து ஆடுகிறவர்கள் ராஜா வெளியே வந்ததும் பதறுவார்கள், கை தப்பான காய்க்குப் போகும். இவர் குதிரையை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, "ராசா நடந்தா என்னுங் தம்பி, காலு எதுக்கு இருக்குது?" என்றார். அவசரமில்லாமல் ராஜாவை ஒவ்வொரு கட்டமாக மூலைக்கு நடத்திக்கொண்டு போனார். மிச்சமிருந்தது ஒரு குதிரை அதிகம் என்ற கணக்கு மட்டும்.

அன்று எனக்குப் பட்டது இது. கேம்பிட்டின் பலம் முழுவதும் பலகையில் இல்லை. பாதி எதிராளியின் படிப்பில் இருக்கிறது. யாப்பை உடைத்த கவிதை யாப்புப் படித்தவனைத்தான் உலுக்கியது. தாலாட்டும் ஒப்பாரியும் கேட்டு வளர்ந்தவளுக்கு அதில் உடைந்தது எதுவுமில்லை. உடைத்ததைப் பற்றி நாம் பேசிய அளவுக்கு, அதை எதிர்கொண்டவர்களைப் பற்றிப் பேசவில்லை. சதுரங்கத்திலும் அப்படித்தான். கொடுத்தவர் பெயர் கேம்பிட்டுக்கு நிலைத்தது. மகேஷ்சந்திரர் 1855இல் காக்ரேனுக்கு எதிராக ஆடிய ஓர் அமைப்பு, 1922இல் அதை ஆடிய வியன்னாவின் எர்ன்ஸ்ட் க்ருன்ஃபெல்ட் பெயரில் வழங்குகிறது. அவருடைய ஆட்டத்தின் ஞாபகமாகப் பல தடுப்புகளுக்கு 'இந்தியன்' என்ற சொல் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஆளின் பெயர் போய் தேசத்தின் பெயர் நின்றது.

அப்படியானால் பயப்படாத ஆளிடம் இந்தக் கேம்பிட்டுக்கு என்ன மிஞ்சுகிறது? 1999இல் லினாரெஸில் டோபலோவ் இதைக் க்ராம்னிக்கிடமே ஆடிப் பார்த்தார். எளிதில் அசையாதவர் என்று பெயர் பெற்றவர் க்ராம்னிக். ஆட்டம் டிராவில் முடிந்தது. ஆக, பயத்தைக் கழித்த பிறகும் ஏதோ மிஞ்சுகிறது. இப்போது நான் படிப்பது அந்த மிச்சத்தை.

பெரியவரோடு ஆடும்போது இப்போதெல்லாம் அவருடைய ராஜாவை நான் பார்ப்பதில்லை. நடுவில் அருகருகே நிற்கும் என் இரண்டு சிப்பாய்களைப் பார்க்கிறேன். அவை முன்னேறினால் உண்டு. இல்லையென்றால் ஒரு குதிரை குறைவு.